வரப்பில் நின்ற நடவிகள்

நிலக்காரர் வைரக்கண்ணு காபி ஆற்றுவதை அவர் வீட்டுக் கூடத்தில் ஆறு நடவிகளும் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் இது புதுமையல்ல. நடவிகள் என்கிற நாற்று நடும் இயந்திரங்கள் ஒன்றும் தெரியாமல்தான் வந்து இறங்கும். ஒரு மாதம் மனிதர்களைப் பார்க்கும். பார்த்ததுதான் பிறகு அவற்றின் தொழில். அதற்குப் பெயர் பார்வைப் பாடம்.

பாடத்தை மேற்பார்க்க வந்தவள் சங்கவி. காலனியில் முதல் பட்டதாரி. ஊர்ச்சனமெல்லாம் செவ்வாய்க் கிரகத்துக்குச் சுரங்க வேலைக்குப் போய்விட, நடவுக்கு மிஞ்சியது அவள் அம்மா பவுனம்மாவும் சில கிழவிகளும்தான். பவுனம்மாவின் முதுகு இனி நிமிராது. நடவிகள் படித்துத் தேறிவிட்டால் அம்மா சேற்றில் இறங்க வேண்டாம். சங்கவிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"ஐயா, இதுங்க எங்க தெருவுல இருக்கணும். எங்கம்மா நாத்து நடுறதப் பாக்கணும்."

"பூசை போட்டு உள்ள ஏத்துன பொருள காலனியில கொண்டுபோய் நிறுத்தச் சொல்றியா? திரும்ப என் கூடத்துக்குள்ள வரணும்ல?"

"அப்ப எங்கம்மா வயல்ல வந்து காட்டட்டும்."

"உங்கம்மாட்ட எங்க வீட்டு மிசினு பாடம் படிக்கணுமாக்கும். காலம் பூரா நடவு பாத்தவன் நான். என்னையப் பாத்துக் கத்துக்கட்டும்."

கற்றுக்கொண்டன.

நடவு நாளன்று சேறு பதமாக இருந்தது. நடவிகள் வரப்பின் காய்ந்த பகுதியாகப் பார்த்து அடிவைத்து வந்தன. நடுவதற்கென்றே செய்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டன. ஒன்று காலைச் சேற்றில் வைத்தது. உடனே எடுத்துப் புல்லில் துடைத்தது.

"இறங்குங்கடா," என்றார் வைரக்கண்ணு.

உயரமான நடவி அவர் குரலிலேயே பேசியது: "வர வர ஒருத்தியும் வேலைக்கு வர்றதில்ல."

"நாலெழுத்துப் படிச்சதும் சேறு நாறுது இவளுகளுக்கு," என்றது அடுத்தது. மூன்றாவது, வாயே இல்லாமல் காறித் துப்பும் ஓசை எழுப்பியது.

சங்கவி வாய்விட்டுச் சிரித்தாள். "பாடம் நல்லா ஏறியிருக்குங்கய்யா. ஒண்ணு பிசகல."

வைரக்கண்ணுவுக்குக் கோபம் வரவில்லை. உயரமானதை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியே எங்கப்பாரு தோரண," என்றார்.

நடவிகள் காலனிப் பக்கம் திரும்பின. ஆறு தொண்டையும் ஒன்றாய் அதட்டின: "ஏ பவுனு! எங்கடி போய்த் தொலைஞ்ச?"

சங்கவியின் சிரிப்பு நின்றது. தெருமுனையில் பவுனம்மா வந்துகொண்டிருந்தாள். வளைந்த முதுகோடு ஓட்டமும் நடையுமாக, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி.

"அம்மா, அது மிசினு. நீ போ."

பவுனம்மா மகளைப் பார்க்கவில்லை. "இந்தா வந்துட்டேங்க சாமி," என்று நடவிகளிடம் சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகினாள்.

அவள் தங்கள்மேல் பட்டுவிடாதபடி ஆறும் ஒதுங்கி வழிவிட்டன.