விளக்கு வைத்த பிறகு ஒரு கரண்டி உறை

உப்பங்காட்டில் இப்போதெல்லாம் வயிற்றில் உறை இல்லாமல் யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. கடல் ஏறி வயலெல்லாம் உவர்ந்துபோன பிறகு உலகம் முழுக்க விளைவது உவர்த்தினை ஒன்றுதான். உப்பு மண்ணில் கொழித்து வளரும். ஆனால் மனிதக் குடலுக்கு அது வெறும் மரத்தூள். அதைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்க் குழம்புக்குத்தான் உறை என்று பெயர்.

அதற்கு முதல் போட்டது நிலைநிதி நிறுவனம். 'நீடித்த உணவு, நிமிர்ந்த உலகம்' என்று மேடைக்கு மேடை முழங்கினார் தலைவர் மகுடபதி. நீடித்தது அவர் பிடி மட்டும்தான்! விழுங்கினால் வயிற்றுக்குள் நாற்பது நாளில் செத்துப்போகும்படி உறையைச் செய்து வைத்திருந்தார். மறுபடி அவரிடமே வாங்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கு ஒரு கரண்டி கொடுத்தாலும் குற்றம்.

செங்கமலத்தின் கணவன் சந்தனசாமி கொடுத்தான். பாலுக்கு உறை கேட்டால் இல்லையென்று சொல்லாத ஊர்க்காரன், இதற்கு மட்டும் எப்படிச் சொல்வான்? நிறுவனம் அவனுக்கு உறையை நிறுத்தியது. தட்டு நிறையச் சோறு தின்றே பட்டினியில் செத்தான், பாவி மனுஷன்.

செங்கமலம் நுண்ணுயிரியல் படித்தவள். பேரை மாற்றிக்கொண்டு நிலைநிதியின் ஆய்வுக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். தலைவர், பங்குதாரர், ஊழியர் எல்லோருக்கும் போடும் குடற்பூட்டை அவளுக்கும் போட்டார்கள். நிறுவனத்தின் உறையைத் தவிர வேறெந்த உறை உள்ளே போனாலும் அதைப் பூட்டு கொன்றுவிடும். திருட்டு உறை ஒட்டக்கூடாதாம்!

ஆறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். சாகாத உறை ஒன்றை வளர்த்து வெளியே அனுப்பினாள். பூட்டில்லாத ஏழை வயிறுகளில் அது கரண்டி கரண்டியாக உலகைச் சுற்றியது. பிறகு ஒரு காலையில் நிறுவனத்தின் உறை வளரும் தாய்க்குடுவைகள் அத்தனையிலும் கொதிநீரை ஊற்றிவிட்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

நாற்பது நாளும் தாண்டிச் சில நாள் ஆன பிறகு, விளக்கேற்றும் நேரத்தில், வாசலில் மகுடபதி நின்றார். கன்னம் ஒட்டியிருந்தது.

"ஒரு கரண்டி உறை கொடும்மா."

"விளக்கு வெச்சப்புறம் உறை கொடுக்கறதில்லீங்க."

கைகூப்பினார். செங்கமலத்துக்கு வயிறு குளிர்ந்தது. உள்ளே போய்த் தன் சாகாத உறையில் ஒரு கரண்டி கொண்டுவந்தாள். வாங்கி அவசரமாக விழுங்கினார்.

"இது உள்ள தங்காதே, பூட்டு இருக்கே! சாவி உன்கிட்ட இருக்கும்னாங்க..."

"சாவின்னு ஒண்ணு இருந்தா எவனாவது திருடிருவான், செய்யவே வேணாம்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

மகுடபதி வெடித்தார். "உன் வயித்துலயும் அதே பூட்டுதானே! நீயும்தான்டி சாவே!"

"தெரியுங்க. உங்களுக்குக் கடைசி உறையை ஊத்திக் கொடுத்ததே நான்தான். நான் ரெண்டு நாள் கழிச்சு விழுங்கினேன். நீங்க போறதை இருந்து பாக்க அது போதும்."

அவரை உட்காரவைத்துத் தட்டைப் போட்டாள். ஆவி பறக்க உவர்த்தினைச் சோறு, மேலே குழம்பு. எதிரே தானும் உட்கார்ந்தாள்.

"சாப்பிடுங்க ஐயா. என் புருஷன் சாப்பிட்ட அதே சோறுதான். உலகத்துக்கே சோறு போட்டவரு, வயித்தைக் காயப்போடலாமா?"