பெரிய சிஸ்டரின் லாகின்

கொண்டையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருப்பதால் மருத்துவமனையில் கணினி பழுதுபார்க்கும் அவள் எல்லோருக்கும் ஸ்க்ரூ அக்கா. அன்று பிற்பகல் மூன்றாவது மாடி வார்டுக்குள் நுழைந்தபோது ஜன்னல் திரைகள் அசையாமல் தொங்கின. கிருமிநாசினி வாடைக்கு அடியில் ஈரத்துணி வாடை ஒன்று படிந்து கிடந்தது.

அவளுக்கு அங்கே இரண்டு காரியம். செவிலியர் மேசைக் கணினி ஆமையாய் நகர்கிறது. நாலாம் படுக்கையில் அத்தை இருக்கிறாள். அம்மா போனபின் அவளை வளர்த்தவள். வயிற்றில் அறுவை முடிந்து நாளை வீடு திரும்ப வேண்டியவள்.

"ஒரு நாடியை ஏத்தி முடிக்கிறதுக்குள்ள நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிடறாங்க. என்னன்னு பாரும்மா," என்றாள் தலைமைச் செவிலி.

திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் காகிதத்தில் கடவுச்சொல் ஒட்டியிருந்தது. அது முன்பு இங்கே தலைமைச் செவிலியாக இருந்த பெரிய சிஸ்டருடையது. பதிவுகளைத் திருத்தும் உரிமை அந்த லாகினுக்கு மட்டும் இருந்ததால் வார்டே அதில்தான் நுழையும். பெரிய சிஸ்டர் இதே நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்து ஒன்றரை வருடமாகிறது. புதிய லாகின் கேட்டு எழுதிப் போட யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

கணினிக்குள் நுழைந்திருப்பவர்களின் பட்டியலை ஸ்க்ரூ அக்கா எடுத்தாள். பெரிய சிஸ்டர் இரண்டு முறை இருந்தாள். ஒன்று, இப்போது இவள் நுழைந்தது. மற்றது ஒன்றரை வருடமாகத் திறந்தே கிடந்தது; நினைவகத்தில் முக்கால்வாசியை அதுதான் தின்றுகொண்டிருந்தது.

இதற்குள் எத்தனையோ முறை அணைத்துப் போட்ட கணினி.

அந்த இரண்டாவது லாகினைத் திறந்தாள்.

படுக்கை 4. மணி 4.00. நாடி 78.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது.

விசைப்பலகையில் யார் கையும் இல்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாய் வந்தன.

மணி 4.15. நாடி 112.

மணி 4.30. நாடி 140.

மணி 4.45. நாடி

அதற்குமேல் எண் வரவில்லை. கர்சர் மட்டும் துடித்தது.

ஓடினாள். அத்தை கண் திறந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி வர்றே?"

"வயிறு வலிக்குதா அத்தை?"

"லேசா. இப்பதான் அந்த வயசான நர்ஸம்மா வந்து நாடி பாத்துட்டுப் போச்சு. யப்பா, என்ன சில்லுன்னு கை."

வார்டில் தலைமைச் செவிலியைத் தவிர வேறு யாருமில்லை. அவளும் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

மருத்துவரை வரச்சொல்லி ஸ்க்ரூ அக்கா அடம்பிடித்தாள். சலித்துக்கொண்டே வந்தவர் வயிற்றை அழுத்தியதும் பேச்சை நிறுத்தினார். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான்கு பத்துக்கு அத்தையை அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆறு மணிக்கு, பிழைத்துவிட்டாள் என்று ஒருவர் வந்து சொன்னார்.

கணினியை என்ன செய்வது என்று தலைமைச் செவிலி கேட்டாள். அந்த இரண்டாவது லாகினை மூடினால் போதும், வேகமாகிவிடும்.

"மெதுவாவே ஓடட்டும் சிஸ்டர்," என்றாள் அவள் தணிந்த குரலில்.

தலைமைச் செவிலி திரையைப் பார்த்தாள்.

வேலை முடிந்ததை எழுதிவைக்க ஸ்க்ரூ அக்கா தன் மடிக்கணினியைத் திறந்தாள். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அது திணறித் திணறி எழுந்தது.

படுக்கை எண் இல்லை. மணி 6.30. நாடி 96.

கடிகாரத்தில் ஆறு பத்து.

மணி 6.45. நாடி

எண் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. தானே எண்ணிப் பார்க்க இடது மணிக்கட்டை நோக்கி வலது கையைக் கொண்டுபோனாள்.

அங்கே ஏற்கெனவே இரண்டு விரல்கள் சில்லென்று அழுந்தியிருந்தன.