ஒரு மாற்றம் கூடுதல்

நகலில் ஒரு மாற்றம் கூடுதலாக இருந்தது.

நிரல்களையும் அவற்றில் செய்யும் மாற்றங்களையும் சேர்த்துவைக்கும் முதல் ரெப்போவில் நாற்பத்தொன்று. நகல் ரெப்போவில் நாற்பத்திரண்டு. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். லிஃப்ட்டுகளை இயக்கும் மென்பொருள் எழுதுகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. பத்துப் பேர் எழுதும் மாற்றங்கள் முதல் ரெப்போவில் சேரச் சேர, ஒரு சின்ன நிரல் அவற்றை அப்படியே இன்னொரு சர்வரில் இருக்கும் நகலில் பதியும். முதலில் இல்லாதது எதுவும் நகலில் இருந்தால் அழித்துவிடும். அந்த நிரலை நேற்று வீட்டிலிருந்தபடியே அமைத்தவள் அவள்தான். மனிதர்கள் யாரும் அதை நிறுத்தவோ நகலைத் தொடவோ முடியாதபடி பூட்டியதும் அவள்தான்.

கூடுதலாக இருந்ததைத் திறந்தாள். 'வீடு' என்றொரு கோப்பு. சிவப்பில் நீக்கிய வரி: நாற்காலி நான்கு. பச்சையில் சேர்த்த வரி: நாற்காலி மூன்று.

ஆபீசில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். மதிய வெயில் திரைச்சீலையின் ஓரத்தில் கசிந்து தரையில் கோடாய்க் கிடந்தது; மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முனகியது; தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்; அடுத்த அறையில் பரீட்சைக்குப் படிக்கும் தங்கை பக்கம் புரட்டும் ஓசையும், அவள் குளித்துவிட்டு வந்த சோப்பு வாசனையும் வந்துகொண்டிருந்தன. தண்ணீர் குடிக்க எழுந்தவள் சாப்பாட்டு மேசையருகே நின்றாள்.

மூன்று நாற்காலிகள். நான்காவது இருந்த இடத்தில் தரை பளபளவென்றிருந்தது. கால் தேய்ந்த தடம்கூட இல்லை.

"குட்டி, இன்னொரு நாற்காலியை எங்கடி தூக்கிட்டுப் போன?"

தங்கை புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நம்ம வீட்ல என்னைக்குக்கா நாலு இருந்துச்சு? அந்தக் கம்ப்யூட்டரையே முறைச்சுக்கிட்டு இருந்தா இப்படித்தான் மறை கழண்டுடும்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது நாற்பத்து மூன்று என்றிருந்தது.

ஜன்னல் இரண்டு. ஜன்னல் ஒன்று.

அறை மங்கியது. மேகம் மூடியது போலத்தான் இருந்தது. தலையைத் திருப்பியபோது திரைச்சீலை இல்லை, அதன் கம்பி இல்லை, வெயில் கசிந்த இடத்தில் வெள்ளையடித்த சுவர் நின்றது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பல வருடமாக வெயிலே படாத சுவரின் ஈரச் சில்லிப்பு. தெருச் சத்தம் நின்றுபோயிருந்தது. தங்கையைக் கேட்டதற்கு, அங்கே ஜன்னல் வேண்டுமென்று அம்மா வாடகைக்கு வந்த நாளிலிருந்து புலம்புவது மறந்துவிட்டதா என்று சிரித்தாள்.

தங்கைக்கு எதுவும் நினைவில்லை. தனக்கு மட்டும் ஏன் எல்லாம் நினைவிருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

தாடி என்று ஆபீசில் எல்லோரும் கூப்பிடும் சர்வர்காரருக்கு போன் செய்தாள். வீட்டைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டார். நிரலை நிறுத்துங்கள் என்று மட்டும் கெஞ்சினாள். அவர் கொட்டாவி விட்டார். லீவு போட்டுத் தூங்கச் சொன்னார். பிறகு தட்டச்சுச் சத்தம் கேட்டது, நின்றது.

"எதிலிருந்து, எதுக்குன்னு ரெண்டு இடத்தையும் மாத்திப் போட்டிருக்கியேம்மா. இப்ப நகல்தான் அசல். அதுல இல்லாததெல்லாம் இந்தப் பக்கம் அழியும்."

"நிறுத்திடுங்க தாடிண்ணே."

"எப்படி நிறுத்த? நீதானே எல்லாரையும் வெளிய வச்சுப் பூட்டின. என்னால பார்க்கத்தான்..."

குரல் அறுந்தது. அவள் கை காதருகே மடங்கியிருந்தது. கைக்குள் ஒன்றுமில்லை.

நாற்பத்து நான்கு. போன் இரண்டு. போன் ஒன்று.

இணையப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. மடிக்கணினியை அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். விரல் வலித்தது. திரையில் அடுத்த வரி மெதுவாகச் சிவந்தது.

இருப்பவர் இருவர்.

அதன் கீழே பச்சை.

இருப்பவர் ஒருவர்.

ஓடினாள். தங்கை மேசையில்தான் இருந்தாள். இருந்தாள். அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வெதுவெதுப்பு. நாடி துடித்தது. விடமாட்டேன், இவளை விடமாட்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. தங்கை மறையவில்லை.

பேனா நகர்ந்தது. அவள் முழுப் பலத்தோடு பிடித்திருந்த கை, யாருமே பிடிக்காதது போல ஒரு வரியின் கீழே நேராகக் கோடு போட்டது.

"குட்டி."

தங்கை பக்கத்தைப் புரட்டினாள்.

மேசையில் தங்கையின் போன் அடித்தது. ஊருக்குப் போயிருந்த அம்மா.

"சாப்பிட்டேம்மா," என்றாள் தங்கை. "தனியா இருக்கப் பயமா? அதெல்லாம் இல்லம்மா. சின்னதிலேர்ந்தே ஒத்தப் பிள்ளையா வளர்ந்தவளுக்கு என்ன பயம்?"

அவள் கத்தினாள். தொண்டை கிழிந்தது. அறையில் மின்விசிறி மட்டும் முனகியது.

தங்கை பேசிக்கொண்டே எழுந்தாள். மணிக்கட்டு அவள் பிடியிலிருந்து, மூடிய விரல்களின் வழியே, வெளியே போனது.

அங்கே நான்கு விரல்களின் தடம் சிவந்திருந்தது. தங்கை பேச்சை நிறுத்தி அதைப் பார்த்தாள். கையை விளக்கடியில் திருப்பினாள். கட்டைவிரலால் தேய்த்தாள்.

ஒரு விரலின் தடம் மறைந்தது.

தேய்த்தாள்.

இன்னொன்று.