மூன்று நீர்நாய்களைக் காணோம்

வெள்ளிக்கிழமை, காலை 7.20.

திரையில் இலை அசைந்தது. புள்ளியக்கா அடுத்த வீடியோவைத் தட்டினாள். அதிலும் இலைதான் அசைந்தது.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறைதான் குளத்து உயிர்க் காவல் குழுவின் அலுவலகம். ஒரு மேஜை, ஐந்து நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி. அலமாரிக்குள் தகரப்பெட்டி. பெட்டிக்குள் நேற்றுக் காலை பத்திரப்படுத்திய மெமரி கார்டு. அதில் தாய் நீர்நாய் ஒன்றும் குட்டிகள் இரண்டும் இருக்க வேண்டும்.

இன்று பதினொரு மணிக்கு நகரசபைக் கூட்டம். குளத்தை மண் கொட்டி மூடி விளையாட்டு மைதானம் போடுவதா வேண்டாமா என்று அங்கே முடிவாகும். "தேதி, நேரத்தோட ஒரு வீடியோ காட்டுங்க, திட்டத்தை நிறுத்திடறேன்" என்று சபைத் தலைவியம்மா சொல்லி மூன்று மாதம் ஆகிறது. பதினான்கு பேர் முறை வைத்துக் கரையில் தவம் கிடந்ததற்கு நேற்றுத்தான் பலன் கிடைத்தது.

"சத்தியமா இருந்துச்சு" என்றார் டியூப். நாற்பத்தைந்து வயது, மோட்டார் மெக்கானிக். ஒருமுறை மலைப்பாம்பைப் பார்த்ததாகக் குழுவையே அழைத்து வந்து, கடைசியில் அது லாரி டியூப் என்று தெரிந்ததிலிருந்து அந்தப் பெயர். "நேத்து காலை ஆறரைக்கு, கரை மரத்துல கட்டியிருக்கற தானியங்கிக் கேமராவைத் திறந்து, அதிலேயே இருக்கற குட்டித் திரையில பார்த்தேன். ஒரு குட்டி அம்மா முதுகுல ஏறிச்சு."

"வேற யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர். குழுவின் பொருளாளர் அவர்.

"யார் பார்ப்பாங்க? நான் ஒருத்தன்தான் போனேன்."

"சரிதான். ஊரெல்லாம் சொல்லி வச்சாச்சு. இனி எல்லாரும் கைகொட்டிச் சிரிப்பாங்க."

டியூப்பின் முகம் சுண்டிப்போனது. டிரில் மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விசில் ஊதி ஓய்வு பெற்றவர், குழுவின் தலைவர். "விடும்மா. பதினோரு வீடியோவும் இலையாத்தான் இருக்கும். போய் அவகாசம் கேட்போம். கொடுத்தா சரி, கொடுக்கலைன்னா நம்ம நேரம்."

புள்ளியக்கா அடுத்த வீடியோவைத் திறந்தாள். அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் தொழில். எழுத்தின் தலையில் ஒரு புள்ளி விடுபட்டாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் வந்த பெயர் அது. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழுவின் செயலாளராக முறைப்பட்டியல் போடுவது, சண்டையைத் தீர்த்து வைப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவள் தலையில்தான்.

மீதி வீடியோக்களையும் ஒன்று விடாமல் பார்த்தாள். மேகமூட்டமான மங்கல் வெளிச்சம். தண்ணீர், நாணல், கரையோரம் வட்ட வட்டமாய் அல்லி இலைகள், ஒன்றுகூட விரியாத அல்லி மொட்டுகள். கீழே எழுத்தில், வியாழன், காலை 6.10. அடுத்தது 6.11. கடைசியாக 6.24.

அலமாரியின் பூட்டு உடையவில்லை. சாவி மூன்று. மாஸ்டரிடம் ஒன்று, மருந்துக்கடைக்காரரிடம் ஒன்று, அவளிடம் ஒன்று. நேற்று டியூப் அவள் சாவியை வாங்கி, கார்டை வைத்துப் பூட்டி, எட்டு மணிக்கு அச்சகத்தில் அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். டியூப்பின் கோணல் கையெழுத்தில் ஒரே வரி: 'நீர்நாய் 3. கார்டு பெட்டியில்.' வேறு எதுவும் இல்லை.

"பதினொரு மணிக்கு இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு" என்று லேப்டாப்பை மூடினாள். "டியூப் அண்ணே, உங்க வண்டியை எடுங்க. குளத்துக்குப் போகணும்."

காலை 8.15.

வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"நீங்க பார்த்தப்போ எத்தனை வீடியோ இருந்துச்சு?"

"இருபதுக்குப் பக்கம் இருக்கும். எண்ணலை."

"மத்தவங்ககிட்ட எண்ணிக்கை எதுவும் சொன்னீங்களா?"

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு. அக்கா, நீங்களுமா நம்பலை?"

"நம்பாமத்தான் உங்க பின்னாடி உட்கார்ந்து வர்றேனா? ரோட்டைப் பாருங்க."

குளக்கரையில் கேமரா மரத்தில் கட்டியபடியே இருந்தது. டியூப் நேற்று மாற்றி வைத்த புதுக் கார்டைத் திறந்து பார்த்தார்கள். ஒரு கொக்கு வந்து போயிருந்தது, அவ்வளவுதான். நீர்நாய்கள் நேற்றிரவு வேறு கரையில் மீன் பிடித்திருக்க வேண்டும். மறுபடி வர ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம்.

அவள் கேமரா பார்க்கும் திசையிலேயே குந்தி உட்கார்ந்தாள். அதே நாணல். அதே இலைகள். ஆனால் என்னவோ உறுத்தியது. அச்சான பக்கத்தில் ஒரு சொல் தப்பாக இருக்கிறது என்று மூளை சொல்லும், எந்தச் சொல் என்று கண் சொல்லாது. அந்த மாதிரி உறுத்தல்.

பிறகு கண்ணும் சொல்லிவிட்டது.

குளம் முழுக்க அல்லி விரிந்து கிடந்தது. வெள்ளை வெளேரென்று நூறு பூவாவது இருக்கும்.

"அண்ணே, இந்தப் பூ எப்போ கூம்பும்?"

"வெயில் ஏறணும். பத்து மணிக்கு மேல."

"மறுபடி விரியறது?"

"இருட்டின அப்புறம்தான். ராப்பூ ஆச்சே இது. ராத்திரி பூரா முழிச்சிருந்துட்டுப் பகல்ல தூங்கும்."

"அப்போ காலைல ஆறேகாலுக்கு எப்படி இருக்கும்?"

"இப்போ இருக்கற மாதிரிதான், மலர்ந்து" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கும் உறைத்துவிட்டது. "அந்த வீடியோவுல மொட்டாத்தானே இருந்துச்சு?"

"ஒண்ணுகூட விரியலை. அது காலை ஆறு பத்து இல்லண்ணே. சாயங்காலம் ஆறு பத்து. இந்தக் கேமரா கடிகாரத்துல மாலையைக் காலையா மாத்த எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு பட்டன். அரை நிமிஷம்."

யாரோ நேற்றுச் சாயங்காலம் இங்கே வந்திருக்கிறார்கள். கேமராவில் வேறு கார்டைப் போட்டு, கடிகாரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளி, கால் மணி நேரம் இலையைப் படம் பிடித்து, எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து கார்டை மாற்றியிருக்கிறார்கள். கார்டு காணாமல் போனால் திருட்டு என்று கூச்சல் எழும், சபையும் அவகாசம் கொடுத்துவிடும். கார்டு இருந்து, அதில் இலை மட்டும் இருந்தால்? டியூப் வழக்கம்போல அளந்துவிட்டார் என்று கதை முடிந்துபோகும்.

"வண்டியை எடுங்க" என்றாள்.

காலை 9.05.

மருந்துக்கடைக்காரரை அவள் முதலில் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. குளத்துக்கு மண் அடிக்க லாரி விடப்போகிறவர் அவருடைய மைத்துனர்.

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க இருந்தீங்கண்ணே?"

"இதே கல்லாவுல. ஏன்?"

"எத்தனை மணி வரைக்கும்?"

"ராத்திரி ஒன்பது வரைக்கும். உன் தங்கச்சியே ஆறேகாலுக்கு வந்து இருமல் மருந்து வாங்கிட்டுப் போனா. மாமியார் கதையைச் சொல்லி அரைமணி நேரம் நின்னா. நகர விட்டாளா என்னை?"

தங்கைக்குப் போன் போட்டாள். "ஆமாக்கா. அங்கதான் நின்னேன். அவர்தான் பேச்சை விடலை."

"உங்க சாவி?"

அவர் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்துக் காட்டினார். "குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டேன். அக்கா, மைத்துனன் லாரி வச்சிருக்கான்னு என்னைச் சந்தேகப்படறியா? அவனோட நான் பேசி நாலு வருஷமாச்சு."

அவள் வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். காலையில் அந்த அறையில் யார் என்ன பேசினார்கள் என்று சொல் சொல்லாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் பிரேக் போட்ட மாதிரி நின்றாள். மறுபடி ஓட்டினாள். அதே இடம்.

டியூப் வண்டியைக் கிளப்பிக்கொண்டு காத்திருந்தார். "எங்கே போகணும்?"

அந்தப் பெயரைச் சொல்லவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் இந்தக் குழுவை அவளோடு சேர்ந்து ஆரம்பித்த மனிதர் அவர்.

"மாஸ்டர் வீட்டுக்கு" என்றாள்.

காலை 10.10.

மாஸ்டர் கூட்டத்துக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க மாஸ்டர்?"

"வீட்லதான். ஏம்மா?"

"காலைல நான் ரெண்டு வீடியோதான் போட்டிருந்தேன். திரையில அந்த ஒரு வீடியோ மட்டும் பெரிசா தெரிஞ்சுது. மொத்தம் எத்தனைன்னு எனக்கே தெரியாது. அப்போ நீங்க 'பதினோரு வீடியோவும் இலையாத்தான் இருக்கும்'னு சொன்னீங்க."

தேய்ப்புப்பெட்டி நின்றது.

"அப்புறம் நான் எண்ணிப் பார்த்தேன். சரியா பதினொண்ணு. பதிவேட்டுல அந்த எண் இல்லை. டியூப் அண்ணன் எண்ணவே இல்லை. எடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும்."

"வாய் தவறி ஏதோ..."

"அல்லி தவறலை மாஸ்டர். காலை ஆறு மணி வீடியோவுல அது கூம்பிக் கிடக்கு. கூம்பின அல்லியைக் காலைல காட்ட யாராலயும் முடியாது."

துணி கருகும் வாசனை வந்தது. டியூப் சட்டென்று எட்டித் தேய்ப்புப்பெட்டியைத் தூக்கி வைத்தார். சட்டையின் முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம்.

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"போன வருஷம் லாரி இடிச்ச பொண்ணு ஞாபகம் இருக்கா?" என்றார். "என்கிட்ட ஓடப் பழகினவ. மைதானம் இல்லாம நான்தான் அவளை ரோட்டுல ஓட விட்டேன். இப்போ கட்டையை ஊன்றி நடக்கறா. மைதானம்னு ஒண்ணு வரப்போகுதுன்னு கேட்டதும் எனக்குத் தூக்கமே போயிடுச்சு. நீர்நாய் கிடைக்காதுன்னு நினைச்சுத்தான் சும்மா இருந்தேன். கிடைச்சுடுச்சே."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"தலைவர்னு உட்கார்ந்துகிட்டு எந்த வாயால சொல்றது?"

"கார்டு எங்க?"

அவர் எழுந்து அரிசி டப்பாவைத் திறந்து, காகிதத்தில் மடித்த கார்டை எடுத்தார். "உடைக்கலாம்னுதான் எடுத்தேன். ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அந்தக் குட்டி அம்மா முதுகுல ஏறி, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறுது. கை வரலைம்மா."

டியூப் அதை வாங்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டே நின்றார். "கார்டு கிடக்கட்டும் மாஸ்டர். நான் பொய் சொல்றேன்னு உங்க எதிர்ல ஒருத்தர் சொன்னாரு. உண்மை தெரிஞ்ச நீங்க வாயை மூடிக்கிட்டு நின்னீங்க. என் பொண்ணுங்க ரெண்டு பேரும் இன்னிக்குக் கூட்டத்துக்கு வர்றாங்க."

மாஸ்டர் தலை குனிந்தபடியே கார்டைப் புள்ளியக்காவின் கையில் வைத்தார்.

மணி 10.35.

"சண்டையை அப்புறம் போடலாம்" என்றாள் புள்ளியக்கா. "மூணு பேரும் அந்த வண்டியில ஏற முடியுமா?"

ஏறினார்கள். மாஸ்டர் கருகிய சட்டையையே மாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். சந்தையைத் தாண்டும்போது வண்டி இருமி நின்றது. டியூப் குதித்து இறங்கி, பிளக்கைக் கழற்றி, ஊதி, சட்டையில் துடைத்து மாட்டினார். 10.52. நகரசபைப் படிக்கட்டில் மருந்துக்கடைக்காரரும் குழுவின் மற்ற பத்துப் பேரும் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அவள் கார்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் காதில் விழவில்லை.

காலை 11.10.

சபை அறையில் விளக்கை அணைத்தார்கள். பெரிய திரையில் மங்கலான தண்ணீர். கீழே, வியாழன், காலை 5.31. சுற்றிலும் அல்லி விரிந்திருந்தது. நாணல் விலகியது. தட்டையான ஒரு தலை வெளியே வந்தது. பின்னால் இரண்டு சின்னத் தலைகள். குட்டி ஏறியது, வழுக்கியது, மறுபடி ஏறியது. அறையில் யாரோ சிரித்தார்கள். தலைவியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

விளக்கு வந்ததும் மாஸ்டர் எழுந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"இந்த மூணு உயிரையும் கண்டுபிடிச்சவர் இவர்" என்று டியூப்பைக் காட்டினார். "அதை மறைச்சு வச்சது நான். இவர் பொய் சொல்றார்னு எல்லாரும் நினைக்கற மாதிரி செஞ்சதும் நான். குழுவிலிருந்து விலகிக்கறேன்."

முன்வரிசையில் இரண்டு சிறுமிகள் திரும்பித் தங்கள் அப்பாவைப் பார்த்தார்கள். டியூப் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

வாக்கெடுப்பு நடந்தது. ஏழு பேரில் ஐந்து கைகள் உயர்ந்தன. குளத்தைத் தொடக்கூடாது.

வெளியே பத்துப் பேரும் கட்டிப் பிடித்துக் குதித்தார்கள். மருந்துக்கடைக்காரர் டியூப்பின் கையைப் பிடித்து, "காலைல பேசினது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். சபை ஊழியர் இரண்டு பேர் குழுவில் எப்படிச் சேர்வது என்று புள்ளியக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் மட்டும் படிக்கட்டில் தனியாக இறங்கினார். டியூப் வேகமாக நடந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"உங்களோட சகஜமாப் பேச எனக்கு நாளாகும்" என்றார்.

"தெரியும்."

"ரயில் பாதைக்குப் பக்கத்துல பழைய கிடங்கை இடிச்ச இடம் சும்மா கிடக்கு. ஓடறதுக்கு அது பத்துமா?"

மாஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "தாராளமாப் பத்தும்."

"அப்போ மனுவை எழுதுங்க. எழுதிட்டு அக்காகிட்டக் கொடுங்க, பிழை பார்த்துக் கொடுப்பாங்க. முதல் கையெழுத்து நான் போடறேன்."