மிஸ்ட் கோலுக்கு ஓடும் மோட்டர்

இராஜகுமாரிக்கு அந்த நூற்றுப் பன்னிரண்டு படிகளும் அத்துப்படி. எந்தப் படி வழுக்கும், எந்தப் படியில் அட்டை காத்திருக்கும், எந்தப் படியில் நின்று மூச்சு வாங்கலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஹந்தானை மலையில் அவர்களுடைய லயத்தில் ஒரே வரிசையாக ஆறு வீடுகள். தண்ணீர் கீழே ஓடையில் இருந்தது. தண்ணீர் சேரும் தாங்கி மேலே, லயத்தின் கடைசியில் இருந்தது. ஓடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில். மோட்டர் அதற்குள். மோட்டரைப் போட ஒருவர் படி இறங்க வேண்டும். தாங்கி நிறைந்ததும் நிறுத்துவதற்கு மறுபடியும் இறங்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் முறை.

முறைநாள் வந்தால் எல்லோருக்கும் திடீரென்று முழங்கால் வலிக்கும்.

குமாரியின் வீட்டில் இருவர்தான். அவளும் அப்பாவும். அப்பா ராஜலிங்கம் கண்டி டவுனில் மின்சாமான் கடையில் வேலை செய்தார். விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிடுவார். அதனால் அவர்கள் முறை என்றால் குமாரியின் முறை. பதினொரு வயதுக் கால்கள் நான்கு தடவை அந்தப் படிகளைத் தாண்டிவிட்டு, பிறகு பாடசாலைக்கும் ஓட வேண்டும்.

ஒருநாள் நிறுத்தப் போகச் சற்றுப் பிந்திவிட்டது. தாங்கி நிறைந்து வழிந்தது. தாங்கிக்கு நேர்கீழே பேச்சியம்மாவின் வீடு.

“ஏன்டி குமாரி! எங்கூட்டுக் கூரைய கழுவித் தாங்கன்னு நான் கேட்டேனா?”

“மன்னிச்சிருங்க அத்தை. படியில அட்டை கடிச்சிருச்சு.”

“அட்டை உன்னைத்தானே கடிச்சுது? நான் ஏன்டி நனையணும்?”

அந்தச் சனிக்கிழமை அப்பாவின் போனைத் திருத்துவதற்காக இருவரும் கட்டுகஸ்தோட்டைக்குப் போனார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் ஜவாஹிர் நானாவின் கடை. அவர் அப்பாவின் பழைய கூட்டாளி.

நானாவின் மேசையில் ஒரு பழைய போன் கிடந்தது. திடீரென்று அது நடுங்கியது. நடுங்கி நடுங்கி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து, மேசை விளிம்புக்கு வந்தது. குமாரி ஓடிப் பிடித்தாள்.

“அது எப்பவும் அப்படித்தான் மகள்,” என்றார் நானா. “நாம பேசினா அங்க கேக்காது. அங்க பேசினா நமக்குக் கேக்காது. நடுங்க மட்டும் தெரியும். இத யாருக்கு விக்கேலும்?”

குமாரி போனைக் கையில் வைத்துப் பார்த்தாள்.

“நானா, எதுக்கு இது நடுங்குது?”

“உள்ளுக்குச் சின்ன மோட்டர் ஒண்டு இரிக்கி. கோல் வந்தா சுத்தும்.”

“அந்தச் சின்ன மோட்டர் எங்க பெரிய மோட்டர ஓட வைக்குமா?”

சிரிக்கப் போன நானா பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பாவைப் பார்த்தார். அப்பா அவரைப் பார்த்தார்.

“ஏலும். ஓட வைக்கலாம்,” என்றார் நானா மெதுவாக.

மூன்று சனிக்கிழமை வேலை. நானா போனுக்குள் இருந்த சின்ன மோட்டரிலிருந்து இரண்டு கம்பிகளை வெளியே எடுத்தார். அவற்றை ஒரு சிறிய பெட்டியுடன் பொருத்தினார். அந்தப் பெட்டி தன்னைத்தானே அழுத்திக்கொள்ளும் சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அதைக் கொட்டிலில் மோட்டருடன் இணைத்தார்.

நானா ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “கோல் மணி ஒருக்கா அடிச்சா ஓடும். அடுத்த தடவ அடிச்சா நிக்கும். அதனால ஒரு மணி கேட்டதும் கட் பண்ணிரோணும். ரெண்டு மணி அடிக்க விட்டீங்கண்டா போட்டுட்டு அதே நிறுத்திரும்.”

மழைக்கு நனையாமல் இருக்க, போனையும் பெட்டியையும் ஒரு கறுப்புப் பொலித்தீன் பையில் சுற்றி, கொட்டிலின் குறுக்குச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கம்பிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

பேச்சியம்மாவிடம் போன் இருந்தது. தாங்கியும் அவள் வீட்டுக்குப் பக்கத்தில். எனவே மோட்டரின் பொறுப்பு அவளுக்கு வந்தது. எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று குமாரி காட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை ஆறு பத்துக்குப் பேச்சியம்மா பொத்தானை அமுக்கினாள். காதில் வைத்தாள். ஒரு மணி கேட்டது. வெட்டினாள். குழாய் இருமியது. தண்ணீர் கொட்டியது. ஆறு வீட்டாரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு பேச்சியம்மாவைப் பிடிக்க முடியவில்லை. யாராவது கூப்பிட்டால், “இருங்கடி, மோட்டருக்குப் பேசிட்டு வர்றேன்,” என்பாள். காலை ஆறு பத்துக்கு ஒன்று. ஆறரைக்கு ஒன்று. ஒரு வாரம் யாருக்கும் முழங்கால் வலிக்கவில்லை.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பொலிஸ் ஜீப் வந்தது.

அது 2008ஆம் ஆண்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் ஆசனத்துக்கு அடியில் குனிந்து பார்த்த பிறகுதான் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தனியாகக் கிடக்கும் பையைக் கண்டால் உடனே அறிவிக்க வேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டியிருந்தது. ஓடைப் பக்கம் விறகு பொறுக்க வந்த ஒருவர் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். கறுப்புப் பை. கம்பிகள். உள்ளே ஒரு போன். அவர் விறகைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அவர்மீது பிழையில்லை. அந்தப் பையை நீங்கள் பார்த்திருந்தாலும் ஓடியிருப்பீர்கள்.

ஆறு வீட்டாரும் தாங்கிக்கு அருகில் வரிசையாக நின்றார்கள். சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

“கீழே இருப்பது யாருடையது?”

அப்பா கையை உயர்த்தினார். “என்னுடையது சேர். தண்ணீர் மோட்டர்.”

“போன் எதற்கு?”

“போன் அடித்தால் மோட்டர் ஓடும்.”

“போன் அடித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்,” என்றார் சார்ஜன்ட்.

“வேண்டுமானால் அடித்துப் பாருங்கள் சேர்.”

சொல்லியிருக்கக் கூடாது. வரிசை முழுவதும் ஓர் அடி பின்னால் போனது. சார்ஜன்ட் இரண்டு அடி போனார்.

“குண்டு அகற்றுகிறவர்கள் வரும்வரை யாரும் கீழே போகக் கூடாது. நீ ஜீப்பில் ஏறு.”

ஜீப்பில் ஏற்றினால் எப்போது இறக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர் ஒரேயொரு கேள்விக்குப் பதில் சொல்லப் போய், மூன்று மாதம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார்.

அப்பா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். அவளைப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அழுதால் யோசிக்க முடியாது. அதனால் குமாரி அழுகையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். யோசித்தாள். அது குண்டு இல்லை என்பதற்கு என்ன சாட்சி?

பேச்சியம்மாவின் கையைப் பார்த்தாள். வெறுங்கை. ஒரு வாரமாக அந்தக் கையில் போன் இல்லாமல் அவள் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தாள். “அத்தை, உங்க போன் எங்க?”

“எனக்கேதுடி போனு?”

“அத்தை…”

“அரிசி டின்னுக்குள்ள புதைச்சிட்டேன். பேசாம நில்லு. தினம் அதுக்கு அடிச்சது நான். தெரிஞ்சா என்னையும் ஏத்திருவானுங்க.”

“அதுலதான் சாட்சி இருக்கு. நீங்க அடிச்ச கோல் எல்லாம் தேதியோட, நேரத்தோட இருக்கும்.”

பேச்சியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பயமா இருந்தா வேணாம் அத்தை,” என்றாள் குமாரி. “உங்ககிட்ட போன் இருக்குன்னு நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். வேற வழி யோசிக்கிறேன்.”

அவளுக்கு வேறு வழி ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி காப்பாற்றுவது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

பேச்சியம்மா ஜீப்பைப் பார்த்தாள். குமாரியைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி வீட்டுக்குள் போனாள். கான்ஸ்டபிள் ஒருவர் சத்தம் போட்டார். அவள் கேட்கவில்லை. முழங்கைவரை அரிசித் தூளோடு திரும்பி வந்து, போனைக் குமாரியின் கையில் வைத்தாள்.

“சொல்லுடி. நான்தான் அடிச்சேன்னே சொல்லு.”

குமாரி சார்ஜன்ட்டின் முன்னால் போய் நின்றாள். பஸ்ஸிலும் கடையிலும் பழகிய சிங்களம் அவளுக்குத் தெரியும்.

“சேர், இதைப் பாருங்கள். இன்று காலை ஆறு பத்து, ஆறரை. நேற்று ஆறு பத்து, ஆறரை. முந்தாநாளும் அப்படித்தான்.”

சார்ஜன்ட் போனை வாங்கி உதறினார். நான்கு அரிசி விழுந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்.

“பதினாறு கோல்,” என்றார்.

“எல்லாம் அந்தப் பைக்குள் இருக்கும் போனுக்குத்தான் சேர். அது குண்டு என்றால் முதல் கோலிலேயே வெடித்திருக்கும். மிச்சம் பதினைந்துக்கு எதற்கு அடிக்க வேண்டும்?”

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு கொஞ்சத் தூரம் போய் வயர்லெஸ்ஸில் நீண்ட நேரம் பேசினார். திரும்பி வந்தார்.

“சரி. யார் அடிப்பது?”

ஒருவரும் அசையவில்லை. பதினாறு தடவை அடித்த பேச்சியம்மாவே கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் அடிக்கிறேன்,” என்றாள் குமாரி. “கீழே யாரும் இல்லை. எது நடந்தாலும் மோட்டருக்குத்தான்.”

“குமாரி! ஒரு மணிதான்!” என்று ஜீப்பிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

அவள் பொத்தானை அமுக்கினாள். காதில் வைத்தாள். ஒரு மணி. வெட்டினாள்.

சார்ஜன்ட் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தார்.

எங்கோ ஒரு குருவி கத்தியது. குழாய் இருமியது. பிறகு தண்ணீர் தடதடவென்று தாங்கியில் விழுந்தது. சார்ஜன்ட் அவசரமாகக் கைகளை இறக்கி, சட்டையை நீவிவிட்டார்.

ஆனால் தாங்கி காலையிலேயே நிறைந்திருந்தது. தண்ணீர் வழிந்து நேரே பேச்சியம்மாவின் கூரையில் கொட்டியது. அங்கிருந்து பேச்சியம்மாவின் தலையில்.

“ஐயோ, நிறுத்துங்கடி!”

குமாரி பொத்தானை அமுக்கினாள். திரை கறுப்பாகிவிட்டது. பற்றரிக்குள் அரிசித் தூள் போயிருக்க வேண்டும்.

“எண்ணைச் சொல்!” என்று சார்ஜன்ட் தன் போனை எடுத்தார். குமாரி சொன்னாள். அவர் அடித்தார். ஒரு மணி, தண்ணீர் நின்றது. அவர் வெட்ட மறந்தார். இரண்டாவது மணி, மறுபடியும் கொட்டியது.

“ஒண்ணு சேர்! ஒண்ணு!” தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, பேச்சியம்மா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். பொலிஸ் என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

சார்ஜன்ட் மறுபடி அடித்தார். ஒரே மணி. தண்ணீர் நின்றது.

அவர் போனைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். இன்னொரு முறை அடித்தார். ஓடியது. இன்னொரு முறை. நின்றது. கான்ஸ்டபிள்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்கள்.

“சோதனை செய்ய வேண்டும் அல்லவா?” என்றார் சார்ஜன்ட் கம்பீரமாக.

அப்பாவை இறக்கிவிட்டார்கள். சார்ஜன்ட் எல்லோருடைய பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதிக்கொண்டார். பிறகு குமாரியிடம், “கறுப்புப் பை கூடாது. உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். இன்னது என்று இரண்டு மொழியிலும் எழுதி ஒட்டு,” என்றார்.

ஜீப் போனது. அப்பாவின் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. குமாரி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எடுத்து வைத்திருந்த அழுகையை அப்போதுதான் அழுதாள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் நின்றுவிட்டன.

அன்று மாலையே பேச்சியம்மாவின் பற்றரியைத் துடைத்துப் போட்டார்கள்; திரை மறுபடி எரிந்தது. கடையில் ஒரு கண்ணாடி மிட்டாய்ப் போத்தல் வாங்கி, போனை அதற்குள் வைத்தார்கள். ‘தண்ணீர் மோட்டர். பயப்பட வேண்டாம்’ என்று குமாரி தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினாள்.

புதன்கிழமை காலை. பேச்சியம்மா போனை எடுப்பதற்குள் குழாய் இருமியது.

“நான் அடிக்கலடி! சத்தியமா நான் அடிக்கல!”

குமாரி படிகளில் பறந்தாள். போத்தலைத் திறந்து திரையைப் பார்த்தாள். ஆறு பத்துக்கு ஒரு மிஸ்ட் கோல். பேச்சியம்மாவின் எண் இல்லை. கீழே தள்ளிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை நான்கு தடவை வந்த அதே எண்.

மூச்சு வாங்க மேலே ஓடி வந்தாள்.

“யாருடி அது?”

“சார்ஜன்ட்தான் அத்தை! நமக்குத் தண்ணி ஏத்திக் குடுக்குறார்!”

பேச்சியம்மா குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

“ஏத்துறது சரி. நிறைஞ்சதும் யாரு நிறுத்துறது? என் கூரைதானே நனையும்?”

என்றாலும் ஆறரை ஆகட்டும் என்று போனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். ஆறரை ஆனது. அவள் பொத்தானில் விரல் வைக்கும் முன்பே மோட்டர் நின்றது.

“பாருடி,” என்றாள் பேச்சியம்மா. “ஒரே மணி. பழகிட்டான்.”