ஊமைக் கோடுகள்

வெள்ளைக் கோலை மடித்து மடியில் வைத்துக்கொள்வதற்குள், "என் காதுல கோளாறு ஒண்ணும் இல்ல சார்" என்றாள் துப்பறிவாளரைத் தேடி வந்தவள். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த சோர்வு இருந்தது.

பார்வையற்றோருக்கான மின்னூலகத்தில் அவள் தலைமைத் திருத்துநர். அச்சுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து, கணினி வாய்விட்டு வாசிக்கும்படி மாற்றுவது அங்கே வேலை. அது வாசிப்பதைக் கேட்டே அவள் பிழை பிடிப்பாள். அண்மையில் அனுப்பிய கணக்குப் புத்தகத்தில்தான் வினை வந்திருந்தது. 'மைனஸ் ஐந்து' என்று ஒலிக்க வேண்டிய இடத்தில் வெறும் 'ஐந்து' ஒலித்ததால், நுழைவுத் தேர்வுக்குத் தயாரான மாணவர்கள் தப்புத் தப்பாகப் படித்திருந்தார்கள்.

"கழித்தல் குறி இருந்த இடத்துல யாரோ சாதாரணக் கோடு போட்டிருக்காங்க. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா வாசிக்கிற மென்பொருள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போயிடும். 'அதைக் காதால கண்டுபிடிக்கத்தானே உங்களை வச்சிருக்கோம்'னு நிர்வாகி கேக்கறார். நாளைக்கு எனக்கு வேலை இருக்காது."

"நீங்க சரிபார்க்கும்போது குறி பேசுச்சா?" என்றார் துப்பறிவாளர்.

"ஒண்ணு விடாம பேசுச்சு."

"கடைசி அத்தியாயத்துலயும் கோடு மாறியிருக்கா?"

அவள் நிமிர்ந்தாள். "அது மட்டும் மாறலை. எப்படித் தெரியும்?"

"தெரியாது, கேட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி மறுபடி எதையாவது கேப்பீங்களா?"

"கடைசி அத்தியாயத்தை மட்டும் ஒரு ஓட்டம் கேப்பேன். அது என் பழக்கம். யார்கிட்டயும் சொன்னதில்ல."

துப்பறிவாளரின் மைத்துனன் துள்ளி எழுந்தான். எந்த வழக்கிலும் முதல் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடும் பேர்வழி. இதுவரை ஒருவரும் மாட்டியதில்லை என்பது வேறு விஷயம். "அத்தான், பக்கத்தை அழகு பண்றவன்தான்! கோடெல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னு மாத்தியிருப்பான்."

"அழகு பண்றவன் கடைசி அத்தியாயத்தை மட்டும் ஏன் மாப்பிள்ளை விட்டுவைக்கணும்?"

மைத்துனன் உட்கார்ந்தான்.

அன்றே மூவரும் மின்னூலகத்துக்குப் போனார்கள். அது ஒரே நீள அறை. அவள் சரிபார்த்த கோப்பைத் திறக்கக்கூடியவர்கள் மூன்று பேர்: ஸ்கேன் செய்பவர், பக்க வடிவமைப்பாளர், அச்சுப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அவளுடைய சொந்தத் தங்கை. தங்கைதான் தினமும் அக்காவைக் கைப்பிடித்து அழைத்து வருகிறவள்; அக்காவுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திருத்துநரின் கணினித் திரை அணைந்து கிடந்தது. "எனக்கு எதுக்குத் திரை? மின்சாரம் தண்டம்" என்று சொல்லி, அவள் ஒரு விசையைத் தட்டினாள். ஒலிபெருக்கியிலிருந்து படபடவென்று ஒரு குரல் பொரிந்தது. பழகிய காதுக்கு வேகம் கூடக்கூட நேரம் மிச்சம்.

மைத்துனன் காதைப் பொத்திக்கொண்டான். "இது என்ன பாஷைங்க?"

"நமக்கெல்லாம் குருவிக் கூட்டம் சண்டை போடற மாதிரிதான்" என்றார் ஸ்கேன் செய்பவர். வடிவமைப்பாளர் ஆமாம் போட்டார்.

"கூடப் பிறந்த எனக்கே ஒரு வார்த்தை புரியாது. அக்காவுக்கு அது வரம்" என்று தங்கை சிரித்தாள்.

மறுநாள் நிர்வாகி முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். துப்பறிவாளர் திருத்துநரின் கணினியில் ஏதோ தட்டச்சு செய்து, அவள் வழக்கமாகக் கேட்கும் வேகத்திலேயே வாசிக்கவிட்டார். குரல் பொரிந்து அடங்கியது.

இரண்டு நாற்காலிகள் கிறீச்சிட்டன. திருத்துநர் காலைத் தூக்கிக்கொண்டாள். அவளுக்கு இடப்பக்கம் தங்கையும் காலைத் தூக்கியிருந்தாள். மற்றவர்கள் பிடித்துவைத்த பிள்ளையார் போல அசையவில்லை.

"பயப்படாதீங்க. 'நாற்காலிகளின் கீழே தேள் ஊர்கிறது'ன்னு எழுதினேன். தேள் இல்ல" என்றார் துப்பறிவாளர். "கோட்டை மாத்தினவங்களுக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சிருக்கணும். எந்தக் கோடு பேசாதுங்கறது ஒண்ணு. இந்த அம்மா கடைசியா எந்த அத்தியாயத்தைக் கேப்பாங்கங்கறது இன்னொண்ணு. அவங்க யார்கிட்டயும் சொல்லலை. திரையும் அணைஞ்சே இருக்கு, எட்டிப் பார்க்கவும் முடியாது. அப்ப காதால கேட்டுத்தான் தெரியணும். இந்த வேகத்துல கேட்டுப் புரிஞ்சுக்கற ரெண்டாவது ஆள் இந்த அறையில யார்னு பார்க்கணும்னு நெனச்சேன். பார்த்தாச்சு."

தங்கை மெல்லக் காலைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இடப்பக்கம் கிறீச்சுனு கேட்டுச்சே" என்றாள் அக்கா. "நீயா?"

தங்கையின் நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

"உனக்குப் புரியும்னா... இத்தனை வருஷம் என் பக்கத்துல உட்கார்ந்து... என் கடிதமெல்லாம்?"

"எல்லாம் கேட்டேன்" என்று தங்கை வெடித்தாள். "உன் சிநேகிதிக்கு எழுதினியே, 'தங்கை இல்லாமலும் என்னால சமாளிக்க முடியும்'னு! உன் கண்ணா இருந்தே என் காலம் போச்சு. கடைசியில நான் வேண்டாதவ. நான் இல்லாம நீ என்ன கிழிக்கறேன்னு பார்க்கணும்னு தோணுச்சு."

அக்காவின் முகம் வெளிறிப்போனது. பெற்ற தாயைவிட நம்பிய கை அது. அதே கைதான் மாணவர்களின் புத்தகத்திலும் புகுந்திருக்கிறது. அவள் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு அடுத்த வரியைக் கேக்கலையா?"

"எழுந்து போயிட்டேன்."

"'இனிமேலாவது அவ தன் வாழ்க்கையைப் பார்க்கட்டும்'னு எழுதியிருந்தேன்."

தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பழக்கத்தில் அக்காவின் கையைத் தேடி நீட்டினாள். அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

நிர்வாகி மன்னிப்புக் கேட்டார். அது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவள் விசைப்பலகையை இழுத்து, கணக்குப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தைத் திறந்தாள். பிறகு துப்பறிவாளர் பக்கம் திரும்பினாள்.

"சார், காதுல மாட்டிக்கற ஹெட்போன் எங்க கிடைக்கும்? இத்தனை நாளா எனக்குத் தேவைப்படலை."