வேறு யாரும் குடியில்லை

மழை விட்டும் தூவானம் விடாத ஒரு நவம்பர் மாலை, மூன்றேகால் மணிக்கு, வக்கீல் திருமதி ஹார்கிரீவ்ஸ் குடையை மடக்கிக்கொண்டே ஆர்மராட் வீட்டுக் கதவைத் தட்டினார். மோர்கம் ஊரில் அந்த நேரத்துக்கே விளக்குப் போட்டுவிடுவார்கள். கடல் இரண்டு தெரு தள்ளித்தான். தண்ணீர் உள்வாங்கியிருந்ததால் சேற்று வாடை தெரு முழுக்க நின்றது.

வக்கீல் வீடு தேடி வருவது லேசில் நடக்கிற காரியமில்லை. அவருடைய அலுவலகம் பேக்கரிக்கு மேலே, செங்குத்தான படி ஏறிப் போகவேண்டும். நெவில் ஆர்மராடுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொந்த வீட்டு மாடியே ஏற முடியாமல் முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். குளியலறையோ மாடியில். அவரைத் தூக்கி நிறுத்தியே அவர் மனைவி கிளெனிஸுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. மாடியே இல்லாத சின்ன வீடு ஒன்று அமைந்திருக்கிறது. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும்.

வக்கீலைப் பிடித்ததே ஒரு கதை. கிளெனிஸ் முதலில் கம்ப்யூட்டரில் பார்த்து மலிவான ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டாள். மூன்று தடவை பேசினாள், மூன்றும் வேறு வேறு ஆள், மூன்று பேரும் முதலிலிருந்து விலாசம் கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரிதான் சொன்னாள், ஹார்கிரீவ்ஸிடம் போ, துருவித் துருவிக் கேட்டு உயிரை வாங்குவாள், ஆனால் ஒரு ஓட்டை விடமாட்டாள் என்று. அப்படித் தேடிப் பிடித்த கெட்டிக்காரத்தனம்தான் கிளெனிஸுக்கு வினையாக வந்து முடிந்தது.

வக்கீலம்மா தேநீரைத் தொடாமல் படிவத்தைப் பிரித்தார். வேலித் தகராறு உண்டா, கூரை எப்போது மாற்றியது, அடுப்போடு விற்கிறீர்களா, அடுப்பில்லாமலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சொன்னதை எழுதிக்கொண்டே போனார். கட்டிலருகே நாற்காலியில் சாய்த்து உட்கார்த்தியிருந்த நெவிலைப் பார்த்தும் கேட்டார். அவர் தலையசைக்கும்வரை பொறுத்திருந்தார். கிளெனிஸுக்கு அது பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில்கூட அவரை யாரும் அப்படி மதித்ததில்லை.

மூன்று ஐம்பது ஆயிற்று.

மேலே, சின்ன அறையின் கதவு திறந்தது.

காலடிகள் மெல்ல நடந்து படியின் உச்சியில் வந்து நின்றன. பிறகு அந்த மூச்சு. ஓட்டை விழுந்த துருத்தியைப் போல, இழுத்து, இழுத்து. நடுவே ஓர் இருமல்.

வக்கீலம்மாவின் பேனா நின்றது. கூரையை ஒரு தரம் பார்த்துவிட்டு, படிவத்தின் அடுத்த கேள்வியை நிதானமாகப் படித்தார். உங்கள் இருவரைத் தவிர, பதினேழு வயது முடிந்த வேறு யாராவது இந்த வீட்டில் குடியிருக்கிறார்களா? இருந்தால் அவர்களும் வீட்டைவிட்டுப் போகச் சம்மதம் என்று கையெழுத்துப் போடவேண்டும்.

கிளெனிஸ் கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"அம்மா?" என்றது மேலிருந்து ஒரு குரல். ரொம்பச் சன்னமாக.

"யாரும் இல்ல," என்றாள் கிளெனிஸ்.

நெவிலின் நல்ல கை நாற்காலியின் கையை ஓங்கி அடித்தது. வாய் கோணி ஏதோ சொல்ல வந்தது, எச்சில்தான் வழிந்தது. கண்ணீர் மட்டும் இரண்டு கண்ணிலும் ஒழுங்காக வந்தது. கிளெனிஸ் அவர் வாயைத் துடைத்தாள், இடது கையில் பேனாவைத் திணித்தாள், தன் கையை அதன்மேல் வைத்து நடத்தினாள். 'வேறு யாரும் குடியில்லை' என்ற வரிக்குக் கீழே இருவர் கையெழுத்தும் விழுந்தன.

மேலே சத்தம் அடங்கிவிட்டது.

வாசலில் குடையை விரிக்காமல் நின்று, வக்கீலம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கும் கேட்டுச்சும்மா."

"பழைய வீடு. மரம் சத்தம் போடும்."

"மரத்துக்கு இருமத் தெரியாது."

கிளெனிஸுக்கு அதற்குமேல் மறைக்கத் தெம்பில்லை. "எம் பொண்ணு. அவ போயி நாலு வருஷம் ஆச்சு."

வக்கீலம்மா அவள் தோளில் கை வைத்தார். "செத்தவங்களுக்குச் சட்டத்துல இடமில்லம்மா. ஆனா இத்தனை வருஷத்துல ஒண்ணு பாத்திருக்கேன். உள்ள இருக்கறவங்களை ஒரு வார்த்தை கேக்காம வித்தா, வீடு மட்டும்தான் கைமாறும். அவங்க அங்கேயே இருப்பாங்க. பேசுங்க. எங்க போறோம்னு அவகிட்ட சொல்லுங்க."

சொல்வதா? நாலு வருஷமாக ஒரு நாள்கூட கிளெனிஸ் அந்தக் குரலுக்குப் பதில் கொடுத்ததில்லை.

பெண்ணுக்குப் பதினேழு முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆஸ்துமா. நெவில் அன்றைக்கு லாரியோடு ஸ்காட்லாந்துப் பக்கம் போயிருந்தார். கிளெனிஸ் முதியோர் இல்லத்தில் மதிய வேலையில் இருந்தாள். காலையில் தாய்க்கும் மகளுக்கும் ஒன்றுமில்லாத ஒரு சண்டை, குளியலறையில் ஈரத்துண்டைப் போட்டதற்கு. மூன்று ஐம்பதுக்கு அவள் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள், மகள் பெயர். கிடக்கட்டும், கொஞ்சம் புத்தி வரட்டும் என்று திரும்பப் பையில் போட்டாள். இரண்டாவது தடவையும் அடித்தது. மூன்றாவது தடவை பாதியிலேயே நின்றது. இரவு வீட்டுக்கு வந்தபோது பிள்ளை படியின் உச்சியில் கிடந்தாள், ஒரு கை முதல் படியைத் தொட்டபடி.

அதனால்தான் குரல் கேட்டால் கிளெனிஸ் படிக்குக் கீழே நின்று புறங்கையைக் கடித்துக்கொள்வாள். பதில் சொன்னால் மகள் அடுத்து என்ன கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும். ஏன் எடுக்கல?

டிசம்பரில் இரண்டு தரப்பு வக்கீல்களும் போனிலேயே ஒப்பந்தத்தை உறுதி செய்தார்கள். இனி யாரும் பின்வாங்க முடியாது. வீட்டைக் கைமாற்றும் நாள் இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை என்று குறித்தார்கள். அந்த இரண்டு வாரமும் கிளெனிஸ் தினமும் மூன்றே முக்காலுக்குப் படிக்குக் கீழே வந்து நின்றாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். தினமும் சமையலறைக்கே திரும்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சாவி கொடுப்பதாக ஏற்பாடு. சாமான் வண்டி காலையிலேயே போயிற்று, நெவிலையும் அதன் பின்னால் ஒரு காரில் ஏற்றி அனுப்பியாயிற்று. ஆனால் ஒருவர் விற்ற பணத்தில் அடுத்தவர் வாங்குகிற அந்த வரிசையில் எங்கோ ஒரு வங்கியில் பணம் சிக்கிக்கொண்டது. பணம் வக்கீலிடம் வந்து சேராமல் சாவி போகாது. ஒன்று ஆயிற்று, இரண்டு ஆயிற்று. வாங்குகிறவள், கீலி என்ற இளம்பெண், தூங்கும் மூன்று வயது மகளோடு வாசலில் காரிலேயே காத்திருந்தாள். கிளெனிஸ் காலி வீட்டில் தனியாக நின்றாள். கம்பளம் எடுத்த தரையில் தன் செருப்புச் சத்தமே அவளைத் திடுக்கிட வைத்தது.

மூன்று ஐம்பது.

கதவு திறந்தது. மேலே இப்போது கதவைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை.

காலடிகள் வந்தன. வெறும் பலகையில், வெறும் பாதம்.

கிளெனிஸ் முதல் படியில் கால் வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. உச்சியில் இருட்டு கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது, ஒரு பெண் குனிந்து சுவரைப் பிடித்து நிற்கும் உயரத்துக்கு. மூச்சு இழுத்தது. அவளுடைய ஆரஞ்சு சோப்பு வாசனை வந்தது.

"அம்மா?"

வந்துவிட்டது. நாலு வருஷமாக அடைத்திருந்தது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கிளெனிஸ் வாயைத் திறந்தாள்.

பையில் போன் அடித்தது.

கை தானாகப் போயிற்று. எத்தனையோ இரவு, அந்தப் போனை எடுத்திருந்தால், எடுத்திருந்தால் என்று அழுத கை அது. எடுத்துக் காதில் வைத்துவிட்டது.

பணம் வந்துடுச்சு, சாவியைக் கொடுத்துடலாம் என்றார் வக்கீலம்மா.

"இதோ வந்துட்டேன்," என்றாள் கிளெனிஸ், போனில்.

நிமிர்ந்து பார்த்தபோது படியின் உச்சி வெறுமனே கிடந்தது. கூப்பிட்டாள். அப்போதுதான், நாலு வருஷம் கழித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "டாம்சின். கண்ணு. அம்மாகூட வந்துரும்மா." அறை அறையாகப் போய்க் கூப்பிட்டாள். கீலி கதவைத் தட்டும்வரை கூப்பிட்டாள்.

புது வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கிளெனிஸ் மகளுக்கென்று ஓர் அறையில் விளக்குப் போட்டு வைத்தாள். மூன்று ஐம்பதுக்கு அதன் வாசலில் போய் நின்றாள். பத்து நாள் நின்றாள். நெவில் கட்டிலிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

பதினோராம் நாள் வக்கீலம்மா கூப்பிட்டார். அவர் குரலில் வழக்கமான உறுதி இல்லை. கீலியிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறதாம். புகார் இல்லை, பயப்படாதீர்கள் என்றார். குடிவந்த மறுநாள் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து 'அம்மா' என்று கேட்டதாம். தன் பிள்ளை என்று நினைத்து, என்ன கண்ணு, இங்கதான் இருக்கேன், கீழ வா என்றாளாம் கீலி. சொன்ன பிறகுதான் பார்த்தாளாம், பிள்ளை பக்கத்தில் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்புறம்?"

"படியிறங்கி வந்துட்டாளாம்."

இருமுகிறாளா என்று கேட்டாள் கிளெனிஸ்.

இல்லையாம். அன்றைக்கே மூச்சிழுப்பு நின்றுவிட்டதாம். சாயங்காலமானால் சமையலறையில் வந்து உட்காருகிறாளாம். முதல் இரண்டு நாள் கீலி விளக்கை அணைக்காமலே படுத்தாளாம். இப்போது அவளுக்கும் சேர்த்து ஒரு கோப்பை எடுத்து வைக்கிறாளாம், காலையில் அது காலியாக இருக்கிறதாம். அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்கிறாளாம். அதை விசாரிக்கத்தான் கடிதமாம்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். அது ஒரே பக்கக் கடிதம் என்று வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தார்.

"சொல்லுங்கம்மா. நான் தாங்கிப்பேன்."

"கீலி கேட்டுப் பாத்தாளாம், உங்க அம்மாகிட்ட ஏதாவது சொல்லணுமான்னு." வக்கீலம்மா நிறுத்தினார். "அம்மாதான் பக்கத்துலயே இருக்கீங்களேன்னு சொல்லி, கீலி கையப் பிடிச்சுக்கிட்டாளாம்."